அடுத்த பக்கத்தில் மரம் இல்லை

எங்கள் தெருவில் மரமில்லாமல் நிழல் விழுந்த அந்தச் சித்திரையைப் பற்றி யார் கேட்டாலும் ஊர்க்காரர்கள் முதலில் நிழலின் அகலத்தைச் சொல்வார்கள், பிறகு அதில் எத்தனை பேர் கால் நீட்டி உட்காரலாம் என்று சொல்வார்கள், பிறகு அந்த நிழலில் வைத்துத் தின்ற வெள்ளரிக்காய்க்கு உப்பே தேவைப்படவில்லை என்று சத்தியம் செய்வார்கள். ஆனால் அந்த நிழலை வரைந்த பிள்ளைக்கு ஆறு வயது என்பதையும், அவள் பெயர் சங்கமித்ரா என்பதையும், அந்த நிழலுக்காக அவள் என்ன பாடு பட்டாள் என்பதையும் கடைசியில்கூடச் சொல்ல மாட்டார்கள். அதனால்தான் இதை நான் எழுத வேண்டியிருக்கிறது. நான் அவளுடைய சித்தி, பெயர் பொற்கொடி. மதுரையில் எம்.ஏ. சமூகவியல் படிக்கிறேன். லீவுக்கு அக்கா வீட்டுக்கு வந்திருந்தேன். வாய் நீளம் என்று தெருவில் பெயர் எடுத்தவள், அந்தப் பெயரைப் பற்றி எனக்கு எந்த வருத்தமும் கிடையாது.

எங்கள் ஊர் விருதுநகருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில் கரிசல் மண்ணில் இருக்கிறது. ரோட்டை அகலப்படுத்த வந்தவர்கள் இரண்டு பக்கமும் நின்ற புளியமரங்களை வேரோடு எடுத்துக்கொண்டு போனார்கள், போகும்போது புதுக் கன்று வைப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள், கன்று வைக்கக் குழி மட்டும் தோண்டினார்கள், குழியில் குப்பை விழுந்தது. அதற்குப் பிறகு எங்கள் தெருமுனை பஸ் நிறுத்தத்தில் வெயிலைத் தவிர வேறு எதுவும் நிற்கவில்லை. அந்த வெயிலில்தான் வெள்ளரிக்காய் விற்கிற பெண்கள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றார்கள், பஸ் வந்தால் ஜன்னல் ஜன்னலாக ஓடினார்கள், பஸ் போனால் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். நிழல் விழுவதற்கு முந்தின சித்திரையில் அவர்களில் ஒருத்தி ஓடிய வேகத்திலேயே விழுந்தாள், எழுந்திருக்கவில்லை. அவள் பெயர் காளீஸ்வரி. அவளுடைய தம்பி பெண்டாட்டி சுப்புத்தாய் மறுவாரமே அதே இடத்தில் அதே கூடையோடு நின்றாள்.

என் அக்கா மங்களேஸ்வரியின் வீடு அந்த முனையிலிருந்து மூன்றாவது வீடு. மச்சான் ஓமனில் இருந்தார். அக்கா தன் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, மகளையும் நாலு வயது மகன் அகிலேஷையும் வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தபோது தெரு சிரித்தது. சிரித்தவர்கள் யாரும் காரணம் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் மித்ராவை ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதச் சொன்னார்கள், கோடு கோணினால் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதச் சொன்னார்கள், எழுதி முடித்த பிறகு நாளைக்கும் அதே வரி என்றார்கள். பிள்ளை வீட்டுக்கு வந்து பேசுவதை நிறுத்திவிட்டாள். பசிக்கிறதா என்றால் தலையை ஆட்டுவாள், வலிக்கிறதா என்றாலும் அதே மாதிரி தலையை ஆட்டுவாள். எதற்கு ஆமாம் எதற்கு இல்லை என்று பெற்றவளுக்கே தெரியாமல் போனது.

அவளைப் பேச வைத்தது ஒரு படப் புத்தகம். மதுரையில் பழைய புத்தகக் கடையில் நான் வாங்கிவந்தது, அட்டை இல்லை, பெயர் தெரியாது, ஒரு பக்கத்துக்கு ஒரு படம், ஒரு வரி. அக்கா அதை ஒரு வாரத்துக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டாள். மண்ணுக்குள் விதை தூங்குகிற பக்கத்துக்குச் சிரட்டையில் பஞ்சு வைத்துப் பாசிப்பயறு முளைக்கப் போட்டார்கள். மழைப் பக்கத்துக்குத் தண்ணீர் பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு வீட்டு முற்றத்தைச் சேறாக்கினார்கள். ஆடு வந்து முளையை மோந்து பார்க்கிற பக்கத்துக்கு நிஜ ஆட்டைத் தேடிப் போய், ஆடு அசையாமல் நிற்க மறுத்ததால், அது போட்ட புழுக்கையை எண்ணிக் கூட்டல் கழித்தல் கற்றுக்கொண்டார்கள். “மத்த பிள்ளைக ஏ ஃபார் ஆப்பிள் படிக்குது, மங்களம் பிள்ளைக ஆட்டுப் புழுக்கை படிக்குது” என்று சேவுக்கடை அருணகிரி அண்ணாச்சி கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். அவர்தான் தெருக் கமிட்டித் தலைவர். சொல்லிவிட்டுப் போகட்டும். மித்ரா ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் புத்தகத்தை மூடுகிற அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு “அப்புறம்?” என்று கேட்டாள். மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி அது. அன்றைக்கு அக்கா அடுப்படியில் போய் நின்று அழுததை நான் பார்த்தேன்.

பிறகு மரத்தின் பக்கம் வந்தது. பக்கம் நிறைய மரம், மரத்தடி நிறைய மனிதர்கள், கீழே ஒரு வரி: மரம் வளர்ந்தது, எல்லோரும் வந்தார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டத் தெருவில் ஒரு மரம் இல்லை. அதனால் அக்கா சேவுக்கடை அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, கிளையும் இலையுமாக ஒரு மரத்தை வெட்டி, காலை வெயிலில் ரோட்டோரம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தார் ரோட்டில் விழுந்த நிழலின் ஓரமாகவே மித்ரா கோலப்பொடியால் கோடு இழுத்தாள், இலை இலையாக, அவசரமில்லாமல், நாக்கை லேசாக வெளியே நீட்டிக்கொண்டு. முடிந்ததும் அக்கா அட்டையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தோசை ஊற்றப் போனாள். நிழல் போகவில்லை.

போகவில்லை, வளர்ந்தது. நாங்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் பக்கத்து வீட்டு வாசலைத் தொட்டது, பத்து மணிக்கு ரோட்டைத் தாண்டியது, உச்சி வெயிலில் பஸ் நிறுத்தம் முழுவதையும் மூடிக்கொண்டு, காற்று அடித்தால் இலை அசைய, எங்கிருந்தோ வந்த காக்கைகளின் நிழல் அதன் கிளைகளில் உட்கார்ந்து எழும்ப, ஒரு பழைய புளியமரத்தின் நிழல் எப்படிக் கிடக்குமோ அப்படிக் கிடந்தது. மேலே அண்ணாந்து பார்த்தால் வானம்தான். முதலில் ஒரு நாய் வந்து படுத்தது. நாய் படுத்த இடத்தில் மனிதர்கள் சந்தேகப்பட மாட்டார்கள். சுப்புத்தாய் கூடையை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையைத் தலையிலிருந்து எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பரவால்ல, மரத்த வெட்டுனவன் நெழல மறந்துட்டுப் போயிட்டான்போல” என்றாள். அதற்கு மேல் யாரும் அதைப் பற்றி ஆராயவில்லை.

மறுநாள் காலையில் நிழல் வெளுத்துப்போயிருந்தது. மித்ரா மறுபடி அதன்மேல் கோடு இழுத்ததும் கறுத்தது. தினமும் ஒரு முறை அவள் வரைய வேண்டும், வேறு யார் வரைந்தாலும் நடக்கவில்லை. அகிலேஷ் வரைந்தால் கோலப்பொடி கோலப்பொடியாகவே கிடந்தது. மார்கழிக் கோலப் போட்டியில் குக்கர் வாங்கிய பெண்ணைக் கூட்டிவந்தார்கள், பேனர் எழுதுகிறவரைக் கூட்டிவந்தார்கள், டிராயிங் மாஸ்டர் ஒருவர் மடித்துக் கட்டிய வேட்டியோடு வந்து அளவெடுத்து வரைந்தார். அவர் வரைந்த மரம் அழகாக இருந்தது, அதன்மேல் வெயில் அடித்தது.

ஒரு வாரத்துக்குள் தெரு அந்த நிழலைப் பல காலமாக இருந்த ஒன்றைப்போல வைத்துக்கொண்டது. பஸ்கள் நிறுத்தத்தின் கம்பத்தை விட்டுவிட்டு நிழலில் நின்றன. அருணகிரி அண்ணாச்சி கடையிலிருந்து இரண்டு பெஞ்சுகள் வந்தன. அடிமரத்தின் நிழல் விழுந்த கறுப்பான இடத்தில் கமிட்டிக்காரர்களின் பெஞ்சு, கிளைகளுக்குக் கீழே மற்றவர்கள், ஓரத்தில் இலை இடுக்கு வழியாக வெயில் ஒழுகுகிற இடத்தில் காலனியிலிருந்து வருகிறவர்கள். மரமே இல்லாத நிழலுக்கு மூன்றாம் நாளே நடுவும் ஓரமும் வந்துவிட்டது. இது என்ன ஏற்பாடு என்று நான் அண்ணாச்சியிடம் கேட்டேன். இங்க உக்காரு அங்க உக்காருன்னு யாராச்சும் சொன்னாங்களா என்று அவர் திருப்பிக் கேட்டார். சொல்லாமலே நடக்கிறதுதான் அண்ணாச்சி பிரச்சினை என்றேன். மதுரையில இதத்தான் படிக்கியளாத்தா என்றார். ஆமாம் என்றேன். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். யாரும் நகரவில்லை.

அக்காவுக்கும் இடம் மாறியது. நேற்றுவரை புழுக்கை டீச்சர் என்றவர்கள் டீச்சரம்மா என்றார்கள். வாசலில் வெள்ளரிக்காய் வந்தது, நுங்கு வந்தது, சேவு வந்தது. வாரம் முடிந்தது, பக்கத்தைத் திருப்ப வேண்டிய காலை வந்தது, அக்கா எப்போதும்போலத் திருப்பினாள்.

அன்றைக்குக் காலையில் மித்ரா மரம் வரையவில்லை. பத்து மணிக்கு நிழல் டீத்தண்ணி நிறத்துக்கு வந்தது, பதினொரு மணிக்கு ரோடு வெறிச்சென்று கிடந்தது, உச்சியில் ஒரு மதுரை பஸ்ஸுக்கு ஓடிய சுப்புத்தாய் கண் இருட்டிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். அவள் எழுந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள், பின்னால் தெருவே வந்தது.

என்ன பாடம் நடக்கிறது என்று கேட்டார்கள். அக்கா புத்தகத்தைக் காட்டினாள். அடுத்த பக்கத்தில் மரம் இல்லை. வெறும் நிலம், தூரத்தில் ஒரு கோடு, நடுவில் அந்த ஆடு மட்டும் நின்றது. கீழே ஒரு வரி: ஒரு நாள் மரம் இல்லை. அருணகிரி அண்ணாச்சி அதைச் சத்தமாகப் படித்தார், படித்துவிட்டுச் செருப்பைக் கழற்றி வைத்தார், ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. இதையெல்லாமா பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது என்று ஒருவர் கேட்டார். அதற்கும் அடுத்த பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள் என்று நான் சொன்னேன். யாரும் திருப்பவில்லை. பயம்.

மறுநாள் மித்ராவை மறுபடி மரத்தை வரைய வைத்து, வரைந்த நிழலிலேயே கமிட்டி கூடியது. ஐப்பசி மழை விழுகிறவரை பக்கத்தைத் திருப்பக் கூடாது என்று அண்ணாச்சி தீர்மானம் சொன்னார். நான் எழுந்து நின்று பேசினேன். ரோட்டில் இருந்த மரத்தை வெட்டும்போது இந்தக் கமிட்டி எங்கே போனது என்று கேட்டேன். குழி தோண்டிப் போட்டவர்களிடம் கன்று எங்கே என்று கேட்க நாதியில்லை, ஆறு வயதுப் பிள்ளையிடம் நிழல் கேட்க இத்தனை பேரா என்று கேட்டேன். கலெக்டர் ஆபீஸுக்குப் போவோம், கூரை கேட்போம், நானே மனு எழுதுகிறேன் என்றேன். ஒரு பந்தலுக்கு நாலு மூங்கில் போதும், நாலு மூங்கிலுக்கு ஆள் இல்லையா என்றேன். ரோட்டுக்காரன் பிரிச்சிருவான் என்றார் ஒருவர். பிரிக்கட்டும், மறுபடி கட்டுவோம் என்றேன். நான் சொன்னது எல்லாம் சரி என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அப்போது ஓரத்தில் இருந்த சுப்புத்தாய் எழுந்தாள்.

“நீ பேசுறது நல்லாத்தான் இருக்கு, ஏத்தா. மனு எழுது, வேண்டாம்கல. மனு கூரையாகி வர்றதுக்குள்ள இந்தச் சித்திரை போயிரும், அடுத்த சித்திரையும் போயிரும். எங்க மதினி இந்தா, இந்த எடத்துலதான் விழுந்தா. விழுந்தவ மூஞ்சில நான் தண்ணி ஊத்துறேன், தண்ணி கொதிக்குது. உங்க அக்கா மக ஒரே பக்கத்த ஒரு ஆறு மாசம் படிச்சா அவளுக்கு என்ன கொறஞ்சு போகும், அதச் சொல்லு.”

எனக்குப் பதில் தெரியும். விவாதப் போட்டிகளில் கோப்பை வாங்கியவள் நான், அன்றைக்கு உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கு அப்புறம் நடந்ததுதான் பதில். ஒவ்வொரு நாள் காலையும் மித்ரா மரத்தை வரைந்தாள். அட்டை நைந்து கிளைகள் தொங்கின, வேறு அட்டை வெட்டினார்கள். தெரு சீக்கிரம் எழுந்து சுற்றி நின்று பார்த்தது. கிளையைக் கொஞ்சம் மேற்கே நீட்டச் சொல்லு, எங்க வாசல் வரைக்கும் வரட்டும் என்று ஒரு வீட்டிலிருந்து கேட்டார்கள், நேத்து அந்த மூலையில விட்டுப்போச்சு என்று இன்னொரு வீட்டிலிருந்து குறை சொன்னார்கள். முதலில் மித்ரா முடித்ததும் அம்மாவைத் திரும்பிப் பார்ப்பாள், பிறகு பார்ப்பதை விட்டுவிட்டாள். நாக்கை நீட்டுவதும் நின்றது. பிறகு அட்டையே தேவைப்படாமல், நிழலையே பார்க்காமல், எங்கேயோ பார்த்துக்கொண்டு கை மட்டும் ஓடியது. அப்புறம் என்று அவள் கேட்டுக் கொஞ்ச நாளாயிற்று என்பது எனக்கு ஒரு நாள் சோறு பிசையும்போது உறைத்தது. பசிக்கிறதா மித்ரா என்றேன். தலையை ஆட்டினாள். போதுமா என்றேன். அதே மாதிரி ஆட்டினாள்.

நிழலுக்கும் ஏதோ ஆனது. மேலும் கறுத்தது, மையைக் கொட்டியதுபோல. ஆனால் இலைகள் அசைவதை நிறுத்தின, காக்கைகளின் நிழல்கள் வருவது நின்றது, நாய் எழுந்து போய்ச் சாக்கடை ஓரம் படுத்துக்கொண்டது. உள்ளே போய் உட்கார்ந்தால் வெளியே அடிக்கிற அதே அனல் உள்ளேயும் அடித்தது, இருட்டுக்குள் இருந்து அடித்தது. ஆனால் தெரு அதை ஒத்துக்கொள்ளவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ள, நெற்றியிலிருந்து வியர்வை சொட்டச் சொட்ட, என்ன குளுமை பாத்தியா என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். வெள்ளரிக்காய் கூடைக்குள்ளேயே சுருங்கியது. சுப்புத்தாய் மட்டும் கையைத் தரையில் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் காலையில் அக்கா மித்ராவிடம், “கிளை கோணிப்போச்சு பாரு, அழிச்சிட்டு முதல்ல இருந்து போடு” என்றாள். நான் அக்காவைப் பார்த்தேன். அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். வீட்டுக்குள் வந்ததும் நாங்கள் சண்டை போட்டோம். பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தினேன் என்கிறாய், பள்ளிக்கூடத்தைத் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாய் என்று நான் சொன்னேன். இந்தத் தெருவில் நான் பிள்ளைகளோடு தனியாக இருக்கிறேன், முதல் தடவையாக என்னை மனுஷியாகப் பார்க்கிறார்கள் என்று அவள் சொன்னாள். அந்த மரியாதை உனக்கா நிழலுக்கா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் கேள்வி தப்பில்லை.

“நீ லீவு முடிஞ்சா பையைத் தூக்கிட்டுப் போயிருவ, கொடி,” என்றாள் அக்கா. “இவங்க மூஞ்சியில முழிக்கப்போறது நான்.”

அதற்கு அடுத்த காலையில் மித்ரா கோலப்பொடியை ரோட்டில் கொட்டிவிட்டு அதன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்துகொண்டாள். அடம் பிடிக்கவில்லை, அழவில்லை, கை மட்டும் மடியில் கிடந்தது. அக்கா கையைப் பிடித்து வரைய வைத்தாள். தெரு பயந்துபோனது. இன்றைக்கு உட்கார்ந்த பிள்ளை நாளைக்கு எழுந்திருக்காமலே போனால்? அன்றைக்குச் சாயங்காலமே கமிட்டி கூடி, காப்புக் கட்டிவிடலாம் என்று முடிவு செய்தது.

எங்கள் ஊரில் பங்குனிப் பொங்கலுக்கு அக்கினிச்சட்டி எடுக்கிறவர்களுக்குக் காப்புக் கட்டுவோம். மஞ்சள் துண்டு முடிந்த கயிறு மணிக்கட்டில் ஏறிவிட்டால் அவர்கள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, நேர்ந்துகொண்டதை முடிக்காமல் விடக் கூடாது. அவர்களை அதற்குப் பிறகு யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், ஆத்தா என்பார்கள். கயிற்றைக் கட்டுகிறவர் கட்டி முடித்ததும் என்ன வேணும் ஆத்தா என்று கேட்க வேண்டும், கேட்டதைக் கட்டியவர் கையாலேயே கொடுக்க வேண்டும். காலம் காலமாக எல்லோரும் பானகம் கேட்டார்கள், கொஞ்சம் ஆசைக்காரர்கள் இளநீர் கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லோரும் பெரியவர்கள், என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தவர்கள். பிள்ளைக்குக் காப்புக் கட்டி ஊரில் யாருக்கும் பழக்கமில்லை. அதை ஒருவரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான்தான் திட்டம் போட்டேன் என்று அருணகிரி அண்ணாச்சி இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பது உண்மையாகிவிடும்.

நான் அன்று இரவு முழுக்கக் கத்தினேன். இது குழந்தை உழைப்பு என்றேன், போலீஸுக்குப் போவேன் என்றேன். என்னவென்று புகார் கொடுப்பாய், நிழல் போடச் சொன்னாங்கன்னா என்று கேட்டார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தெரு முழுவதும் அந்த அசையாத நிழலில் கூடியது. அக்கா மித்ராவுக்குத் தலை வாரிப் பூ வைத்துக் கூட்டிவந்தாள், வகிடு கோணலாக இருந்தது. மனைப்பலகையில் புத்தகத்தை மரம் உள்ள பக்கத்தில் விரித்து வைத்து, மற்ற பக்கங்களைச் சேர்த்து இறுக்கி முதல் காப்பைப் புத்தகத்துக்குக் கட்டினார்கள். இரண்டாவது காப்பு மித்ராவுக்கு. யார் கட்டுவது என்று வந்தபோது, நிழலில் அதிகப் பாத்தியதை சுப்புத்தாய்க்குத்தான், அவள் வீட்டில்தான் சாவு விழுந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். சுப்புத்தாய் முன்னால் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்தாள். கோலப்பொடியில் தேய்ந்து விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்ததை அவள் பார்த்திருக்க வேண்டும். பிறகு கட்டினாள். முடிச்சு விழுந்தது, பெண்கள் குலவை போட்டார்கள், தேங்காய் உடைந்தது.

“என்ன வேணும் ஆத்தா?” என்றாள் சுப்புத்தாய்.

பானகச் சொம்பு பக்கத்தில் தயாராக இருந்தது. மித்ரா அதைப் பார்த்தாள், அவளுக்கு என்ன கேட்கிறார்கள் என்று புரிந்ததா என்று தெரியவில்லை. இத்தனை நாளில் அவளிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை. நான் உள்பட. நான் அவளுக்காகப் பேசிக்கொண்டே இருந்தேன், அவளிடம் கேட்கவில்லை.

“அடுத்த பக்கம்,” என்றாள் மித்ரா.

குலவை நின்றது. அருணகிரி அண்ணாச்சி சிரித்துக்கொண்டே குனிந்து, பானகம் வேணுமா ஆத்தா, இளநீ வேணுமா, அண்ணாச்சி கடையில கேக் இருக்கு, வேணுமா என்றார். மித்ரா அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், இந்த முறை அது ‘இல்லை’ என்பது எல்லோருக்கும் தெரிந்தது. பின்னால் முணுமுணுப்பு எழுந்தது. பிள்ளைக்கு என்ன தெரியும், சித்திக்காரி சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறாள் என்றார்கள். மறுபடி கேளு சுப்பு, மறுபடி கேட்டா மாத்திச் சொல்லும் என்றார்கள். காப்புக் கட்டின புத்தகத்தை அவிழ்த்தால் தெருவுக்கு ஆகாது என்றார்கள். காப்புக் கட்டின ஆத்தா கேட்டதைக் கொடுக்காமல் விட்டால் மட்டும் ஆகுமா என்று ஒரு கிழவர் கேட்டார், அவரை உட்காரச் சொன்னார்கள். ஒருவர் முன்னால் வந்து மனைப்பலகையோடு புத்தகத்தைத் தூக்கப் பார்த்தார். அக்கா அவருக்குக் குறுக்கே வந்து நின்றாள்.

சுப்புத்தாய் குத்துக்காலிட்டபடியே இருந்தாள். அவள் முகம் கடுகடுவென்று இருந்தது, அவள் பிள்ளையை அடித்துவிடுவாள் என்றே நான் நினைத்தேன். அவளுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது, ஒன்றில் வெயில் அவள் தலையில் விழும், மற்றதில் பிள்ளை தலையில். அவள் புத்தகத்தை இழுத்து மடியில் வைத்தாள். கயிற்றின் முடிச்சை நகத்தால் நெருடினாள், அவிழவில்லை, குனிந்து பல்லால் கடித்து அறுத்தாள்.

“கேட்டது நானு,” என்றாள், யாரையும் பார்க்காமல். “குடுக்க வேண்டியதும் நான்தான். எவளாவது குறுக்க வந்தா கூடையாலயே அடிப்பேன்.”

அவளுக்குப் படிக்கத் தெரியாது. எது அடுத்த பக்கம் என்று தடவிப் பார்த்து, ஒட்டிக்கொண்டிருந்த தாளை எச்சில் தொட்டுப் பிரித்து, திருப்பி, பிள்ளையின் முன்னால் வைத்தாள்.

கொடியில் காயப்போட்ட போர்வையை உருவுவதுபோல நிழல் ரோட்டிலிருந்து உருவிக்கொண்டு போனது. வெயில் ஒரே அடியாக விழுந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து கடைகளின் தார்ப்பாய்க்குக் கீழே ஓடினார்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், ஓடிக்கொண்டே என்னையும் அக்காவையும் ஏசினார்கள். அருணகிரி அண்ணாச்சி பெஞ்சையும் தூக்கிக்கொண்டு போனார். நொடியில் நிறுத்தம் காலியானது. பொசுங்குகிற தார் ரோட்டின் ஓரத்தில் மனைப்பலகையை இழுத்துப்போட்டு மித்ரா அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். வெறும் நிலத்தை எப்படி வரைவது என்று யோசிக்கிறவள்போலப் படத்தையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். கண் கூசியது, ஒரு கையை நெற்றிக்கு மேலே வைத்துக்கொண்டு மறு கையால் பொடியை எடுத்தாள். அகிலேஷ் பக்கத்தில் போய் நான்கு காலில் நின்றுகொண்டு, நான்தான் ஆடு என்றான். மித்ரா, அசையாத ஆடு, அசையாத, என்று அவனை அதட்டினாள். நாக்கு நுனி வெளியே வந்திருந்தது.

நான் ஓடிப் போய்க் குடை எடுத்துவரலாம் என்று திரும்பினேன். அதற்குள் சுப்புத்தாய் எழுந்து, கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, சூரியனுக்கும் பிள்ளைக்கும் நடுவில் போய் நின்றாள். கூடையின் நிழலும் அவள் நிழலும் மித்ராவின் தலைமேலும் கைமேலும் விழுந்தன. அவள் முகத்தில் கோபம் குறையவே இல்லை. என்னைப் பார்த்து, “என்னத்தப் பாக்க? படிச்சவதானே, ஆட்டுக்கு எத்தன காலுன்னு சொல்லிக் குடு, வெரசா முடியட்டும்” என்றாள். அக்கா அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். நானும் போய் நின்றேன். மூன்று பேர் நின்றால் ஒரு பிள்ளை உட்காரும் அளவுக்கு நிழல் விழுகிறது, அதற்கு மேல் விழவில்லை.

கோவில்பட்டியிலிருந்து பஸ் வந்தது. பழக்கதோஷத்தில் நிழல் இருந்த இடத்திலேயே நின்றது. ஜன்னல்களில் கைகள் நீண்டன, வெள்ளரிக்கா, வெள்ளரிக்கா என்று கூப்பிட்டார்கள். டிரைவர் ஹாரன் அடித்தார். சுப்புத்தாயின் கழுத்தில் வியர்வை ஓடியது, அவள் பாதம் இரண்டையும் தாரில் மாறி மாறி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள், ஆனால் அவள் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. கண்டக்டர், “என்னக்கா, யாவாரம் வேண்டாமா?” என்றார். இருக்கட்டும் போ என்று கையை வீசினாள். பஸ் புகையைக் கக்கிக்கொண்டு போனது.

மித்ரா தலையைத் தூக்கவில்லை. கோடு ஒன்றை இழுத்து, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பார்த்து, அடுத்த கோட்டுக்குப் பொடி எடுத்தாள்.

“அத்தை, கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க,” என்றாள். “தொடுவானம் தெரியல.”

சுப்புத்தாய் தள்ளி நின்றாள்.